ட்ரிப் ஆகிற தொல்லை

“சும்மா சும்மா ட்ரிப் ஆகுது சார். அதான் அதைக் கழட்டிட்டு டைரக்டா குடுத்துட்டேன். இனிமே தொந்தரவு இருக்காது.”

இதைச் சொல்லும்போது எலெக்ட்ரீஷியன் முகத்தில் ஒரு திருப்தி தெரியும். வீட்டுக்காரரும் நிம்மதியாகக் காசை எடுத்துக் கொடுப்பார். ஐப்பசி பிறந்து சுவரில் ஈரம் ஏறத் தொடங்கினால், எங்கள் குடியிருப்பில் யாராவது ஒருவர் இந்த நிம்மதியை விலைக்கு வாங்கிவிடுகிறார். கழற்றிப் போட்டது என்ன என்று கேட்டால், “அதான், அந்த டப்பா” என்பார்கள். வீட்டிலுள்ள மின்சாமான்களில் ஆளைக் காப்பாற்றுவதற்கென்றே செய்யப்பட்டது அந்த ஒரு டப்பாதான்.

இந்தப் பழக்கத்தைப் பீங்கான் பீஸ் கட்டைக் காலத்திலேயே ஆரம்பித்துவிட்டோம். அப்போது ‘ட்ரிப்’ என்ற வார்த்தை கிடையாது, ‘பீஸ் போயிடுச்சு’தான். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மெயின் போர்டைத் திறந்து, வெள்ளைக் கட்டையை உருவி, கருகிய கம்பித் துணுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுக்கம்பி கட்டுவார்கள். 5 ஆம்பியர் பீஸுக்கு வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி 0.2 மில்லிமீட்டர் தடிமன் இருக்க வேண்டும். 15 ஆம்பியருக்கு 0.5. தலைமுடியைவிடக் கொஞ்சம் தடித்த கம்பியை ராத்திரி எட்டு மணிக்கு எந்தக் கடையில் போய்த் தேடுவது? பழைய வயரை உரித்து நாலைந்து இழையைச் சேர்த்து முறுக்கிக் கட்டிவிடுவார்கள். மெல்லிய வயரின் ஓர் இழையே ஏறக்குறைய 5 ஆம்பியர் பீஸுக்குச் சமம். ஐந்து இழை முறுக்கினால் அந்த பீஸ் அப்புறம் போகவே போகாது. “நான் கட்டினா ஆறு மாசத்துக்கு அசையாது” என்று பெருமையடித்த பெரியவர்கள் எல்லாத் தெருவிலும் இருந்தார்கள்.

பீஸ் உருகவில்லை என்றால் அடுத்து எது உருகும் என்று யாரும் கேட்கவில்லை. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வயரில் பிறக்கும் சூடு நான்கு மடங்காகும். விளக்குக்கும் விசிறிக்கும் என்று சுவருக்குள் இழுத்த ஒன்றரைச் சதுர மில்லிமீட்டர் வயர் அதைத் தாங்காது. எங்கோ ஓரிடத்தில் அறுந்துதான் ஆக வேண்டும் என்றால், அது கண்ணுக்குத் தெரிகிற, கைக்கு எட்டுகிற, பீங்கானால் மூடிய இடமாக இருக்கட்டும் என்பதற்காகத்தான் பீஸ். நாம் அதைப் பலப்படுத்தி, அறுகிற இடத்தைச் சுவருக்குள் தள்ளிவிட்டோம். இப்போது பீஸ் கட்டை இருந்த இடத்தில் எம்.சி.பி. வந்துவிட்டது. அதிலும் ‘16 போட்டா ட்ரிப் ஆகுது, 32 போட்டுட்டேன்’ என்கிற பழைய வைத்தியம் தொடர்கிறது.

பீஸும் எம்.சி.பி.யும் காப்பது வயரை. உங்களை அல்ல. இதை ஒவ்வொரு மெயின் போர்டின் மூடியிலும் பெயின்ட்டில் எழுதி வைக்கலாம்.

கணக்கு எளிதானது. கலிபோர்னியாவில், பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்ஸியேல், தன்னார்வலர்கள் கையில் கம்பியைக் கொடுத்து, எவ்வளவு மின்னோட்டம் வரை பிடியை விட முடிகிறது என்று அளந்தார். ஆண்களுக்குச் சராசரி 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5. அதற்கு மேல் போனால் கைத்தசை இறுகிக்கொள்ளும், விட நினைத்தாலும் விட முடியாது. நம் ஊரில் ‘கரண்ட் பிடிச்சு இழுக்குது’ என்பது இதைத்தான். இழுப்பது மின்சாரமல்ல, நம் தசையேதான். இன்னும் சில பத்து மில்லி ஆம்பியர் கூடினால் இதயத்தின் துடிப்புத் தாளம் குலைந்துவிடும். 16 ஆம்பியர் எம்.சி.பி. என்றால் பதினாறாயிரம் மில்லி ஆம்பியர். ஒரு மனிதனைக் கொல்லப் போதுமான மின்னோட்டம் அதன் கண்ணில் ஒரு சின்ன பல்பு எரிகிற அளவுதான். அது பேசாமல் இருக்கும்.

அதே டால்ஸியேல்தான் 1961-ல், பிடி இறுகுமுன் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி ஒன்றை வடிவமைத்தார். நம் வீடுகளில் அதன் உறவுக்காரருக்கு ஆர்.சி.சி.பி. என்று பெயர். கடைக்காரர் பழக்கதோஷத்தில் ஈ.எல்.சி.பி. என்பார். பேஸ், நியூட்ரல் இரண்டு வயரும் உள்ளே ஓர் இரும்பு வளையத்தின் ஊடாகப் போகின்றன. போன மின்னோட்டம் அவ்வளவும் திரும்பி வந்தால் வளையம் சும்மா இருக்கும். எங்கோ 30 மில்லி ஆம்பியர் வழிதவறிச் சுவர் வழியாகவோ உங்கள் உடம்பு வழியாகவோ மண்ணுக்குப் போனால், கண்சிமிட்டுகிற நேரத்தில் மொத்த வீட்டையும் அணைத்துவிடும். கல்லாவில் நாலணா குறைந்தாலும் கடையையே இழுத்து மூடுகிற முதலாளி மாதிரி. எரிச்சலூட்டுவதுதான் அதன் வேலை.

அதற்கும் எல்லை உண்டு. ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு ஒரு கையில் பேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்தால், போனது முழுவதும் திரும்பி வருகிறது. கணக்குச் சரி. அது அணைக்காது. ஓவர்லோடையும் பார்க்காது, அதற்கு எம்.சி.பி. வேண்டும். இரண்டும் தேவை.

எங்கள் மாடியில் ஓர் அக்கா வீட்டில் போன மழைக்காலத்தில் நடந்தது. “காலைல ஆறு மணிக்கு டாண்ணு போயிடுது தம்பி, பிள்ளைங்க ஸ்கூலுக்குக் கெளம்புற நேரம்” என்றார். முன்னால் வந்த எலெக்ட்ரீஷியன் டைரக்ட் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். வேறொருவரை அழைத்து டப்பாவை மறுபடி மாட்டச் சொன்னோம். எல்லா எம்.சி.பி.யையும் இறக்கி, எல்லா ப்ளக்கையும் உருவிவிட்டு, ஒவ்வொன்றாக ஏற்றச் சொன்னார் அவர். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. சுவிட்ச் துண்டிப்பது பேஸை மட்டும், நியூட்ரல் எர்த்தைத் தொட்டாலும் இது விழும் என்று அவர் சொன்னபோதே ஆள் விஷயம் தெரிந்தவர் என்று புரிந்தது. விளக்கு, விசிறி, ஃப்ரிட்ஜ் எல்லாம் ஏறின. கீசர் சுவிட்சைத் தட்டியதும் ‘டக்’.

கீசரைக் கழற்றிப் பார்த்தால், எலிமென்ட்டின் செம்புக் குழாயில் உப்பு படிந்து, நடுவில் ஒரு விரல்நீளத்துக்கு வெடிப்பு. தண்ணீர் உள்ளே போய்க் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது. டைரக்ட் கொடுத்திருந்த நாட்களில் வெந்நீர் வழக்கம்போல் வந்திருக்கிறது, பிள்ளைகளும் குளித்திருக்கிறார்கள். நடுவில் நின்றது பச்சை எர்த் வயர் ஒன்றுதான். நல்லவேளையாக அது அறுந்திருக்கவில்லை.

கீசர் சரியாகவே இருந்தும் விழுகிறது என்றால் இன்வர்ட்டரைப் பார்க்க வேண்டும். பின்னால் வாங்கி வைக்கும்போது அதன் நியூட்ரலையும் மெயின் நியூட்ரலையும் ஒன்றாக முறுக்கிவிட்டிருப்பார்கள். போனது ஒரு வழி, வந்தது வேறு வழி என்றாகி, பழுதே இல்லாமல் ட்ரிப் ஆகும். டப்பாவைத் தூக்காமல் நியூட்ரலைப் பிரித்துப் போட்டால் சரியாகிவிடும். இன்னொன்று, மெயினை இறக்கிவிட்டோம் என்று தைரியமாக பல்பு ஹோல்டரில் கைவைக்காதீர்கள். இன்வர்ட்டர் லைனில் அப்போதும் கரண்ட் இருக்கும்.

எர்த் இருந்தால் போதாதா என்று கேட்பார்கள். தனி வீடுகளில் கரியும் உப்பும் போட்டுக் குழி தோண்டி எர்த் இறக்குவோம். கட்டிய வருடம் தண்ணீர் ஊற்றுவோம், பிறகு அதன் மேல் துளசி மாடமோ கார் ஷெட்டோ வந்துவிடும். மண் காய்ந்து அந்தக் குழியின் மின்தடை 20 ஓம் ஆகிவிட்டது என்று வையுங்கள். 230 வோல்ட்டை 20-ஆல் வகுத்தால் பதினொன்றரை ஆம்பியர். கிரைண்டரின் உடம்பில் பேஸ் முழுதாக ஏறி நின்றாலும், 16 ஆம்பியர் எம்.சி.பி. அதை நியாயமான செலவாக எடுத்துக்கொள்ளும். ஆர்.சி.சி.பி. இருந்தால் அந்த நொடியே அணைந்திருக்கும். அதில் ‘T’ என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது. மாதத்துக்கொரு தரம் அழுத்தினால் விழ வேண்டும். விழவில்லை என்றால் மாற்ற வேண்டும். வாங்கிய நாளிலிருந்து அதைத் தொடாத வீடுகள்தான் அதிகம்.

ப்ளக்கின் மூன்றாவது பின்னுக்கும் இதே மரியாதைதான் கிடைக்கிறது. அது மற்ற இரண்டையும்விட நீளமாகவும் தடிப்பாகவும் இருப்பது அழகுக்கல்ல. சொருகும்போது எர்த் முதலில் தொட வேண்டும், உருவும்போது கடைசியாக விட வேண்டும். இந்த உருண்டைப் பின் பிரிட்டனிலிருந்து நமக்கு வந்தது. அவர்கள் 1947-ல் தட்டைப் பின்னுக்குத் தங்கள் தரத்தை மாற்றிக்கொண்டு, ஒவ்வொரு ப்ளக்குக்குள்ளும் ஒரு பீஸை வைத்தார்கள். லண்டனிலிருந்து வருகிற அயர்ன் பாக்ஸின் ப்ளக் அவ்வளவு பெரிதாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். நாம் உருண்டையையே வைத்துக்கொண்டோம். பழைய 5, 15 ஆம்பியர் இப்போது 6, 16. பெரிய ப்ளக் சின்ன பாயின்ட்டில் நுழையாதது வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. அதை ஏமாற்றத்தான் கடையில் கன்வர்ட்டர் விற்கிறார்கள். ஆயிரம் வாட் அயர்ன் பாக்ஸ் இழுப்பது நாலரை ஆம்பியருக்குள், தப்பித்துவிடும். 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு ஒன்பது ஆம்பியரைத் தொடும். செல்போன் சார்ஜரில் சதுரத்துக்குள் சதுரமாக ஓர் அடையாளம் இருக்கும், அது இருந்தால் எர்த் தேவையில்லை. கிரைண்டருக்கும் வாஷிங் மெஷினுக்கும் அந்தச் சலுகை கிடையாது. வயரை உரித்து ஓட்டையில் விட்டுத் தீக்குச்சியால் இறுக்குகிற கலையைப் பற்றி நான் எழுத விரும்பவில்லை.

எந்த டப்பாவும் கண்டுபிடிக்காத ஒன்று லூஸ் கான்டாக்ட். மின்னோட்டம் கூடுவதில்லை, மண்ணுக்கும் ஒழுகுவதில்லை, அதனால் எம்.சி.பி.க்கும் தெரியாது, ஆர்.சி.சி.பி.க்கும் தெரியாது. தளர்ந்த திருகில் சூடு மட்டும் ஏறிக்கொண்டே போகும். ப்ளக்கை உருவியதும் பின்னைத் தொட்டால் சுடுகிறதா, பாயின்ட்டின் ஓட்டை ஓரம் பழுப்பேறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சூடேறிய பிளாஸ்டிக்குக்கு மீன் கவிச்சி மாதிரி ஒரு நாற்றம் உண்டு. சைவ வீடுகளில் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இவ்வளவும் மீட்டருக்கு இந்தப் பக்கம். போஸ்ட்டிலிருந்து வீட்டுக்கு வருகிற சர்வீஸ் வயர் மீட்டருக்கு அந்தப் பக்கம். அதில் வரும் கசிவை உங்கள் வீட்டு ஆர்.சி.சி.பி. பார்க்காது. நம் ஊரில் அந்த வயரைத் தாங்குகிற இரும்புக் குழாயிலேயே துணி காயப்போடும் கொடிக்கம்பியின் ஒரு முனையைக் கட்டியிருப்பார்கள். காற்றில் உரசி உரசி வயரின் மேலுறை தேய்ந்திருக்கும். மழை பெய்து ஓய்ந்த பகலில் ஈரத்துணியோடு ஒருவர் அந்தக் கம்பியில் கைவைப்பார், அவரை இழுக்கப்போன இன்னொருவரும் மாட்டிக்கொள்வார். மழைக்காலத்துப் பத்திரிகைகளின் மாவட்டச் செய்திப் பக்கத்தில் இதைத் தேடிப் பார்க்க வேண்டியதில்லை, தானாகவே கண்ணில் படும். இரும்புக் கொடியை அவிழ்த்துவிட்டு நைலான் கயிறு கட்டுங்கள், அதையும் அந்தக் குழாயில் கட்டாதீர்கள். சர்வீஸ் வயர் தேய்ந்திருந்தால் மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். ஆள் வரத் தாமதமாகலாம். அதுவரைக்கும் டேப் சுற்றுகிறேன் என்று ஏணியைச் சாத்தாதீர்கள்.