கணக்கும் தரிசனமும்

ஸ்ரீபெரும்புதூர் தொட்டு ஒரகடம் வரையில் இன்று தொழிற்சாலைகள் நிற்கின்றன. இருங்காட்டுக்கோட்டையில் 1998-லும், ஒரகடத்தில் 2010-லும் கார் செய்யத் தொடங்கினார்கள். அங்கே ஓடும் இயந்திரம் ஒவ்வொன்றும் கணக்கினால் ஓடுகின்றதே ஒழிய, ஆயுத பூசையன்று பொட்டு வைப்பதனால் ஓடுவதில்லை.

அந்தச் சுற்றுவட்டாரத்துப் பிள்ளை, இயந்திரத்தை ஏவுகிறவனாக உள்ளே போவதா, காவற்காரனாக வாசலில் நிற்பதா என்பதைப் பெரும்பாலும் ஏழாம், எட்டாம் வகுப்புக் கணக்கே தீர்மானித்துவிடுகின்றது. அப்படியிருக்க, "எங்கள் பிள்ளைக்குக் கணக்கு வராது" என்று பெற்றோர்களே சொல்லுகிறார்கள். இது யார் கற்பித்த பாடம்? தலையில் பிரமன் எழுதிவிட்டான் என்று சொல்லி, நம்மைப் படிக்கவொட்டாமல் வைத்திருந்தவர்கள் கற்பித்ததல்லவா?

இன்று நிலைமை வேறு. 2018 முதல் சர்க்கார் பாடப் புத்தகங்களில் அச்சிட்டிருக்கும் கட்டத்திற்கு நேரே கைப்பேசியைக் காட்டினால் பாடம் படமாக ஓடுகின்றது. 2019-ல் கல்வித் தொலைக்காட்சியும், 2023-ல் மணற்கேணி செயலியும் வந்தன. கேட்ட காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்று என்ற சாஸ்திரம் இருந்த நாட்டில், பாடம் இப்படி வீடு தேடி வருவதை நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆனால் ஒன்று சொல்லுவோம். படத்தை ஓடவிட்டு, பிள்ளைகளைக் கைகட்டி உட்காரவைத்து, முடிந்ததும் மணியடித்து அனுப்பினால் அது பாடமா, தரிசனமா? கோவிலிலும் திரை விலகுகிறது, மணி அடிக்கிறது, கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்புகிறோம். ஏறின அறிவு எவ்வளவு?

வட்டத்தின் பரப்புக்குச் சூத்திரம் "பை ஆர் ஸ்கொயர்". பிள்ளைகள் இதை மந்திரம்போல் ஒப்பிக்கிறார்கள். ஏன் என்று கேட்டால் விழிக்கிறார்கள். வட்டத்தை மையத்திலிருந்து 8, 16, 64 துண்டுகளாக வெட்டி, மேலும் கீழுமாக மாற்றிக் கோர்த்தால் வரவர அது செவ்வகம் போலாகின்றது. காகிதத்தில் 64 துண்டு வெட்ட நேரமேது? படம் அதை ஒரு கணத்தில் காட்டிவிடும். அந்த இடத்தில்தான் உபாத்தியாயர் படத்தை நிறுத்தி, "இதன் நீளம் எது? அகலம் எது?" என்று கேட்கவேண்டும். நீளம் சுற்றளவில் பாதி, அகலம் ஆரம் என்று பிள்ளை தன் வாயால் சொல்லிவிட்டால், அப்புறம் சூத்திரம் மந்திரமல்ல, அந்தப் பிள்ளையின் சொந்தச் சொத்து.

வீட்டிலே பார்த்துக்கொள்ளட்டும் என்பதும் நியாயமல்ல. தகப்பன் ஷிப்டுக்குப் போனால் கைப்பேசியும் கூடப் போகின்றது. மிஞ்சினால் ஆண் பிள்ளை கைக்குப் போகின்றது. பெண் பிள்ளை பாத்திரம் துலக்கப் போகின்றது. ஆகவே பள்ளிக்கூடத்திலேயே, எல்லோருக்கும் ஒன்றாகக் காட்டவேண்டும்.

ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமானுசர், குரு மறைக்கச் சொன்ன மந்திரத்தைக் கோபுரமேறி எல்லோருக்கும் சொன்னார் என்று கதை சொல்லுவார்கள். மந்திரத்தால் என்ன பிரயோஜனம் என்பது வேறு வழக்கு. மறைத்ததை எல்லோருக்கும் சொல்லுவது நியாயமானால், கணக்கின் "ஏன்" என்பதையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லவேண்டாமா?

பெற்றோர்களே! பள்ளிக்கூடம் போனால் "படம் காட்டினீர்களா?" என்று கேட்டுத் திருப்தியடைந்துவிடாதீர்கள். "படத்தை எங்கே நிறுத்தினீர்கள்? என்ன கேட்டீர்கள்?" என்று கேளுங்கள்.