ஒரு புரதம் இன்னொன்றை ‘ஆன்’ செய்கிறதா? எப்போது நம்பலாம்?

திண்டிவனம் - புதுச்சேரி சாலையில், கிளியனூரில் காலையில் பஸ் ஏறினால், ஸ்கேன் கவரும் கையுமாக ஜிப்மருக்குப் போகும் யாராவது பக்கத்து சீட்டில் இருப்பார்கள். ரத்தப் புற்றுநோய்க்கு இமாட்டினிப் சாப்பிடும் ஒருவர் என்னிடம் கேட்டார்: “தினம் ஒரு மாத்திரை. உள்ளே போய் எதை சார் நிறுத்துது?”

அவருக்கு வந்திருப்பது சிஎம்எல். 9, 22ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்வதால், பிசிஆர்-ஏபிஎல் என்ற புரதம் உருவாகிறது. மற்ற புரதங்கள் மீது பாஸ்பேட்டை ஒட்டிக்கொண்டே இருப்பதுதான் அதன் வேலை. அதனால் செல்கள் ஓயாமல் பெருகுகின்றன. மாத்திரை அந்த ஒட்டும் வேலையைத் தடுக்கிறது.

சரி, ஒட்டுவது இதுதான் என்று எப்படித் தெரியும்? கிளியனூரில் கரண்ட் வந்ததும் டீக்கடை ஃபேனும் சுற்றுகிறது, எதிர்க்கடை டிவியும் பாடுகிறது. அதற்காக ஃபேன்தான் டிவியைப் போட்டது என்போமா? செல்லுக்குள்ளும் இதே சிக்கல்தான். ‘அ’ என்ற புரதத்தைக் கூட்டினால் ‘ஆ’வில் பாஸ்பேட் கூடலாம். நடுவில் மூன்றாவது ஒன்று வேலை செய்திருக்கலாம் இல்லையா?

அதனால் ‘அ’வை முழுசாக நீக்காமல், ஒட்டும் திறனை மட்டும் எடுத்துவிட்டு செல்லுக்குள் வைப்பார்கள். ஆள் இருக்கிறார், கை வேலை செய்யாது. அப்போதும் ‘ஆ’வில் பாஸ்பேட் ஏறினால், குற்றவாளி வேறு ஆள். அடுத்து, சுத்தமான இரண்டு புரதங்களை மட்டும் ஏடிபியோடு டியூபில் போட்டுப் பார்ப்பார்கள். ஆனால் டியூபில் நடப்பதெல்லாம் செல்லிலும் நடக்கும் என்று இல்லை.

எனக்குப் பிடித்தது மூன்றாவது சோதனை. ‘ஆ’வில் பாஸ்பேட் ஒட்டும் டைரோசினை ஃபீனைல்அலனினாக மாற்றிவிடுவார்கள். பாஸ்பேட் பிடித்துக்கொள்ளும் ஒரு சின்ன முனை இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அதன் பிறகு ‘ஆ’வின் வேலை நின்றுபோனால்தான் ‘ஆன் செய்கிறது’ என்ற பேச்சே எடுபடும். பாஸ்பேட் ஒட்டியது என்பது ஒரு செய்தி, அதனால் வேலை தொடங்கியது என்பது வேறு செய்தி. நம் தலைப்புகளில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன!

மருந்து கொடுத்ததும் நின்றுவிட்டது, அது போதாதா என்று கேட்கலாம். போதாது. இமாட்டினிப், கிட் போன்ற வேறு புரதங்களையும் தடுக்கிறது. 2001இல் அமெரிக்காவில் சார்லஸ் சாயர்ஸ் குழு, இந்த மருந்துக்குக் கட்டுப்பட்டு மீண்டும் நோய் திரும்பியவர்களின் செல்களைப் பார்த்தது. பிசிஆர்-ஏபிஎல் மறுபடி பாஸ்பேட் ஒட்டத் தொடங்கியிருந்தது. சிலரிடம் அந்தப் புரதத்தில் 315ஆம் இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறி, மருந்து உட்கார முடியாமல் போயிருந்தது. மருந்து அதே மருந்துதான், மாறியது அந்த ஓர் எழுத்து. இதைவிட நேரடியான சாட்சி கிடைப்பது கஷ்டம்.

இந்த மாத்திரையின் காப்புரிமை விண்ணப்பம் 2006இல் நிராகரிக்கப்பட்டது நம் சென்னை காப்புரிமை அலுவலகத்தில்தான். 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் அந்த விண்ணப்பத்தை ஏற்கவில்லை. மாதம் லட்சம் ரூபாயைத் தாண்டிய மருந்தின் ஜெனரிக் வடிவம் சுமார் பத்தாயிரத்துக்குள் கிடைத்தது என்பதுதான் அந்த வழக்கின் அடிநாதம்.

‘செல்லை ஆக்டிவேட் செய்யும்’ பவுடர் விளம்பரம் வாட்ஸ்அப்பில் வந்தால், கையை முடக்கிப் பார்த்தார்களா, ஒட்டும் இடத்தை மாற்றிப் பார்த்தார்களா என்று கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால் ‘தொடர்பு இருக்கலாம்’ என்பதற்கு மேல் எழுத யாருக்கும் உரிமையில்லை, பத்திரிகைக்காரர்களான எங்களுக்கும் சேர்த்துத்தான்.