தாத்தா கற்ற இந்தி



நம் சங்க மலரில் மறைந்த பெரியவர்களைப் பற்றி வரும் நினைவுக் குறிப்புகளை நான் தவறாமல் படிப்பவன். 'கடும் உழைப்பாளி, குடும்பத்துக்காகவே வாழ்ந்தவர், பேரக் குழந்தைகள் மீது உயிரையே வைத்திருந்தவர்' என்று எழுதியிருப்பார்கள். எல்லாம் உண்மைதான். என் தகப்பனார் 2011-ல் காலமானபோது நானும் அப்படித்தான் நாலு வரி எழுதிக் கொடுத்தேன். அந்த நாலு வரியில் சொல்லாமல் விட்டதை இப்போது சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. அதில் என்னுடைய தவறும் அடக்கம்.

அப்பாவுக்குச் சொந்த ஊர் நீடாமங்கலம் பக்கம் ஒரு கிராமம். 1952 நவம்பர் கடைசியில் தஞ்சைக் கடற்கரையைத் தாக்கிய புயலில் வீட்டுக் கூரையும் இருந்த சில தென்னைகளும் போய்விட்டன. அடுத்த வருடமே, இருபத்தொரு வயதில், உறவினர் ஒருவரை நம்பி ரயிலேறினார். கிழக்கே ஒரு பெரிய ரயில்வே பணிமனையில் கலாசியாகச் சேர்ந்து, பிறகு பாய்லர் மேக்கர் ஆனார். 37 வருடம் அதே பிரிவில் வேலை பார்த்து 1990-ல் ஓய்வு பெற்றார். அப்போது ஓய்வு வயது 58. அந்தச் சம்பளத்தில் இரண்டு தங்கைகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தார். எங்கள் மூன்று பேரையும் படிக்க வைத்தார். மாதம் பிறந்தால் ஊருக்கு மணியார்டர் போகாமல் இருந்ததில்லை.

நீராவி எஞ்சின் ஓடியதைப் பார்த்தவர்கள் நம்மில் பலர் இருக்கிறோம். அதன் பாய்லர் பழுது பார்க்கப்படுவதைப் பார்த்தவர்கள் குறைவு. டபிள்யூ.ஜி. எஞ்சினின் பாய்லர் சதுர அங்குலத்துக்கு 210 பவுண்டு அழுத்தம் தாங்க வேண்டும். ஒரு ரிவெட் தளர்ந்திருந்தாலும் ஆபத்து. வெளியே ஒருவர் காற்றுச் சுத்தியால் ரிவெட்டை அடிப்பார். உள்ளே ஒருவர் குனிந்து உட்கார்ந்து, கனத்த இரும்பைக் கொடுத்து எதிர்ப்பக்கம் தாங்கிப் பிடிப்பார். கோயில் மணிக்குள் தலையை விட்டுக்கொண்டு மணியை அடிக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? அப்படித்தான். அப்பா பல வருடம் உள்ளே உட்கார்ந்தவர். காதுக்குப் பஞ்சு வைத்துக்கொள்வதுதான் அன்றைய பாதுகாப்பு.

பாய்லர் தொழிலாளிகளுக்குக் காது போய்விடும் என்பது புதிய சங்கதி இல்லை. கிளாஸ்கோ நகரத்து டாக்டர் தாமஸ் பார் என்பவர் 1886-லேயே அவர்களைச் சோதித்து எழுதியிருக்கிறார். உள்காதில் உள்ள நுண்ணிய செல்கள் பேரிரைச்சலில் அழிந்துபோகும்; மறுபடி முளைக்காது. இதில் ஒரு விசேஷம் உண்டு. காது ஒரேயடியாகப் போவதில்லை. மேல் ஸ்தாயி ஒலிகள்தான் முதலில் போகும். ஆண்களின் கனத்த குரல் கேட்கும். பெண்கள், குழந்தைகள் குரல் தேய்ந்துபோகும். பேசுகிறார்கள் என்று தெரியும். என்ன பேசினார்கள் என்பது விளங்காது.

இது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. பணிமனை நண்பர்கள் வந்தால் அப்பா சிரித்துப் பேசுவார். அம்மா கூப்பிட்டால் திரும்பமாட்டார். நாங்கள் ஏதாவது கேட்டால் சுவரைப் பார்ப்பார். 'ஊராருக்கு நல்லவர், வீட்டுக்கு முசுடு' என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். ஓய்வுக்குப் பிறகு அவர் பிலாஸ்பூரில் என்னுடன் இருக்க வந்தார். 1991-ல் ஒரு டாக்டர் காதைச் சோதித்துக் கோடு போட்டுக் காட்டியபோதுதான் விஷயம் தெரிந்தது. சட்டைப் பையில் பெட்டியும் காதுக்கு ஒயருமாக ஒரு கருவி வாங்கிக் கொடுத்தேன். பேச்சோடு சேர்த்துச் சமையலறைப் பாத்திரத்தையும் தெரு லாரியையும் அது பெரிதாக்கியது. ஒரு மாதத்தில் அது மேஜை டிராயருக்குள் போய்விட்டது.

என் மகள் 1987-ல் பிறந்தவள். அவளைச் சைக்கிளில் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவதும், மணி அடிப்பதற்கு அரைமணி முன்னதாகவே போய் வாசலில் நின்று அழைத்து வருவதும் தாத்தாதான். எங்களுக்காக நேரம் கிடைக்காதவர் அவளுக்காக எல்லாம் செய்தார். ஆனால் அவள் கீச்சுக் குரலில் சொல்லும் கதை எதுவும் அவர் காதில் ஏறவில்லை. ஒன்பது வயதில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். சிலேட்டில் எழுதிக் காட்டினாள். எழுதியது இந்தியில்.

அப்பாவுக்கு இந்தி பேச வரும். நாற்பது வருடப் பழக்கம். படிக்கத் தெரியாது. சிலேட்டை வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டுவார். நான் வேலையில் இருந்து வரும்வரை அந்தச் சிலேட்டு அழியாமல் காத்திருக்கும். ஒருநாள் என்னிடம், "அவளுக்கு நம்ம எழுத்தைச் சொல்லிக் குடேன்டா" என்றார். "பரீட்சை முடியட்டும்ப்பா" என்றேன். அந்தப் பரீட்சை முடிந்து அடுத்த பரீட்சை வந்தது. அதற்குச் சில வருடம் முன்பு பள்ளி ஆசிரியை ஒருவர், குழந்தைக்கு இந்தி போதவில்லை, வீட்டிலும் இந்தியிலேயே பேசுங்கள் என்று சொல்லியிருந்தார். நானும் என் மனைவியும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டோம். தமிழ் எங்கே போய்விடும் என்பது என் எண்ணம்.

இரண்டாம் முறை அப்பா கேட்கவில்லை. கடைத்தெருவில் ஒரு இந்தி அரிச்சுவடி வாங்கி வந்தார். 64 வயதில், மூக்குக் கண்ணாடியும் பென்சிலுமாக, பேத்தியின் முன்னால் உட்கார்ந்தார். "நம்மகிட்ட 'க' ஒண்ணுதான். இவங்ககிட்ட நாலு இருக்கு. காதுக்கு நாலும் ஒண்ணுதான், கண்ணுக்குத்தான் வித்தியாசம்" என்று சிரிப்பார். அவள் சிவப்பு மையால் திருத்துவாள். நாலைந்து மாதத்தில் சிலேட்டுக்குப் பதில் எழுதும் அளவுக்கு வந்துவிட்டார். அதன் பிறகு பதினைந்து வருடம் இருவரும் எழுதிப் பேசினார்கள். ஊரெல்லாம் என்னிடம் அதைப் பாராட்டியது. நானும் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டேன். அது என்னைச் சுட வேண்டிய விஷயம் என்று அப்போது உறைக்கவில்லை.

அவர் போன பிறகு தகரப் பெட்டியைத் திறந்தோம். பணிமனைக் காலத்துக் குறிப்பேடுகள் இருந்தன. காரியத்துக்கு வந்திருந்த மகள்தான் முதலில் ஒன்றை எடுத்துப் புரட்டினாள். எஞ்சின் எண், தேதி, மணியார்டர் ரூ.40 என்ற எண்களைத் தவிர அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்பா, இதில் என்ன எழுதியிருக்கிறார்?" என்று இந்தியில் கேட்டாள். உரக்கப் படித்துக் காட்ட ஆரம்பித்தேன்.

1975 ஜூன் மாதத்துப் பக்கம் ஒன்று வந்தது. அந்த மாதம்தான் நான் அவரிடம், பாலிடெக்னிக் வேண்டாம், காலேஜில் சேர்ந்து பட்டம் படிக்கிறேன் என்று கேட்டேன். குரல் உடையாத பையன். பயந்து பயந்து மெதுவாகக் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். மறுப்பு என்று எடுத்துக்கொண்டு டிப்ளமாவில் சேர்ந்தேன். பாலிடெக்னிக் எனக்குச் சோறு போட்டது, அதில் குறையில்லை. ஆனாலும் பட்டம் படித்தவர்கள் என்னைத் தாண்டிப் பதவி உயர்வு பெற்றபோதெல்லாம் அந்த மௌனம் நினைவுக்கு வரும். குறிப்பேட்டில் இருந்தது இவ்வளவுதான்: "பையன் ஏதோ கேட்டான். காதில் சரியாக விழவில்லை. திரும்பக் கேட்க வெட்கமாயிருந்தது. எழுந்து வந்துவிட்டேன்."

அதற்கு மேல் அன்று என்னால் படிக்க முடியவில்லை. மகளாலும் படிக்க முடியவில்லை. அவளுக்கு எழுத்துத் தெரியாது.

என் கருத்து இதுதான். பெரியவருக்கும் பேரக் குழந்தைக்கும் நடுவே பாதை போட வேண்டியது நடுவில் இருக்கும் நாம். நாம் செய்யாததை அறுபது தாண்டிய ஒரு மனிதர் தன் தலையில் போட்டுக்கொண்டார். அவர் இந்தி கற்றது பேத்தி மேல் அவருக்கு இருந்த பாசத்துக்குச் சான்று. அவர் கற்க வேண்டி வந்தது என் அசிரத்தைக்குச் சான்று.

'இந்தி, ஆங்கிலம், பாடச் சுமை. இதில் தமிழ் வேறா?' என்று பெற்றோர்கள் கேட்கிறார்கள். நானும் கேட்டவன்தான். இலக்கியம் படிக்கச் சொல்லவில்லை. தாத்தாவின் கடிதத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவுக்கு, தினம் அரைமணி வீதம் சில மாதம் போதும். காது கேளாத கிழவரே நாலைந்து மாதத்தில் ஒரு புது எழுத்தைப் படித்துவிட்டாரே! 'இப்போது கைப்பேசியே படித்துக் காட்டும்' என்பார்கள். அச்சிட்ட எழுத்தைப் படிக்கும். அப்பாவின் பென்சில் எழுத்தை, அதுவும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய கொம்பு போட்ட 'லை'யையும் 'ணை'யையும் காட்டியபோது, என் கைப்பேசி திணறிவிட்டது.

இன்னொன்று. உங்கள் வீட்டுப் பெரியவர் பதில் சொல்லாமல் இருந்தால், கோபம் என்று முடிவு கட்டுவதற்கு முன் காதைச் சோதித்துப் பாருங்கள். அவர் எழுதி வைத்த நோட்டு எதுவானாலும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

என் மகள் இப்போது ஞாயிறு மாலைகளில் கைப்பேசி வழியாக என்னிடம் தமிழ் எழுத்துப் படிக்கிறாள். எட்டு வயதுப் பேரனும் பக்கத்தில் உட்காருகிறான். உயிர்மெய்யில் பாதி ஆயிற்று. நம் சங்கத்தின் ஞாயிறு வகுப்புக்கு ஆள் குறைவு என்று கேள்விப்படுகிறேன். சொல்லிக்கொடுக்க நான் வருகிறேன். சம்பளம் வேண்டாம், கரும்பலகை இருந்தால் போதும். குழந்தைகளை அனுப்பி வைப்பது உங்கள் பொறுப்பு.