செல்லாததை ரத்து செய்யச் சொல்கிறார்கள்

பஞ்சமி நிலத்தை மீட்டுத் தரக் கேட்டு மனுவோடு போனோம். வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் சொன்னார்: "அவங்க கையில பத்திரம் இருக்குதே. கோர்ட்டுக்குப் போயி அதை ரத்து பண்ணிட்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம்." கூட வந்த சேரிப் பெரியவர் கேட்டார்: "ஐயா, செல்லாக்காசை யாராச்சும் ரத்து பண்ணுவாங்களா?" அதிகாரியிடம் பதில் இல்லை.

பெரியவர் இலக்கணம் படித்தவரல்ல. ஆனால் அவர் சொன்னதுதான் சரியான இலக்கணம், சரியான சட்டமும்கூட.

ரத்து என்பது உயிரோடிருப்பதைக் கொல்வது. கொடுத்த லைசென்சை ரத்து செய்யலாம். போட்ட உத்தரவை ரத்து செய்யலாம். அதைச் செய்ய ஒருவன் வேண்டும். அவன் செய்கிறவரை அது செல்லும். 'செல்லாது' என்பதோ பிறக்கும்போதே செத்தது. அதைக் கொல்ல ஆள் வேண்டியதில்லை.

செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கையை ஒட்டி, 1892இல் பிரிட்டிஷ் அரசு இந்த நிலங்களை ஒதுக்க ஆணையிட்டது. முதல் 10 வருடம் விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. அதன் பிறகும் தாழ்த்தப்பட்டோருக்கு மட்டுமே விற்கலாம். மீறினால் அந்தக் கைமாற்றம் செல்லாது. நட்டஈடு தராமலே அரசு நிலத்தைத் திரும்ப எடுக்கலாம். இதுதான் நிபந்தனை.

அப்புறம் எங்கிருந்து வந்தது இந்த 'ரத்து'? இது வாய் தவறிய சொல் இல்லை, தோழர்களே. ரத்து என்றால் பாரம் நம் தலையில்: வக்கீல் பீஸ், வாய்தா, அப்பீல், அதற்குள் ஒரு தலைமுறை. செல்லாது என்றால் பாரம் அரசின் தலையில். ஆதிக்க சாதிக்காரனின் பத்திரத்துக்கு உயிர் கொடுப்பதற்கென்றே சொல்லை மாற்றுகிறார்கள்.

அதற்காக, 'செல்லாது' என்று சொல்லிவிட்டால் நிலம் தானாக வந்துவிடாது. செல்லாத பத்திரத்தை வைத்துக்கொண்டுதான் வேலி போடுகிறான், பிளாட் போட்டு விற்கிறான். காரணை பஞ்சமி நிலத்துக்காகப் போராடியபோது, 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. பத்திரங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. செத்தது ஜான் தாமசும் ஏழுமலையும்.

ஆகவே அடுத்த மனுவில் 'பத்திரத்தை ரத்து செய்யும்படி தாழ்மையுடன்' என்று எழுதாதீர்கள். அப்படி எழுதினால், அந்தப் பத்திரம் இன்றுவரை செல்லும் என்று நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாகும். அது செல்லாது. நிலத்தைக் கொடு. இவ்வளவுதான் எழுத வேண்டும்.