கவுன் போட்ட பொம்மையை வரைவது மனிதரை வரையக் கற்பது ஆகாது



கொஞ்சம் நீளமான பதிவு. சிலருக்குக் கோபம் வரலாம். வந்தால் கமெண்டில் திட்டுங்கள், பதில் சொல்கிறேன்.

இந்தக் கோடை விடுமுறையில் பிள்ளைகள் வரைந்த படங்கள் வாட்ஸ்அப்பில் வந்துகொண்டே இருக்கின்றன. என்னிடம் படித்தவர்களின் பிள்ளைகள், அண்ணன் பேத்தி, மதுரையில் இருக்கும் மருமகன் வீட்டுப் பையன் என்று எல்லாரும் ஏதோ ஒரு 'ஃபிகர் டிராயிங்' வகுப்பில் சேர்ந்திருக்கிறார்கள். பிள்ளைகள் வேறு வேறு ஊர், படம் மட்டும் ஒன்றே. முகத்தில் பாதிக்குக் கண், கூரான தாடை, குச்சி மாதிரி இடுப்பு, தரையைக் கூட்டும் கவுன், முதுகுக்குப் பின்னால் கட்டிய கை. கை ஏன் பின்னால் போனது? விரல் வரையத் தெரியவில்லை, மறைத்தாயிற்று. கவுன் தரைவரை நீண்டதும் பாதத்துக்குப் பயந்துதான்.

பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை. ஒரு படத்தைக் கொடுத்து, முதலில் வட்டம் போடு, அப்புறம் முக்கோணம் போடு, அப்புறம் கோடு இழு என்று சொன்னால் அவர்கள் என்னதான் செய்வார்கள்? அந்த ஒரு படம் வரும். அதே பெண்ணை உட்கார்ந்த நிலையில் வரையச் சொன்னால் கை நின்றுவிடும். காசு வாங்கிக்கொண்டு ஒரே ஒரு வழியை மனப்பாடம் செய்யவைத்துச் சான்றிதழும் கொடுக்கிறார்களே, அவர்களோடுதான் என் சண்டை. அந்தச் சான்றிதழை ஸ்டேட்டஸில் வைக்கிற உங்களோடும்தான்.

மனித உருவத்தை மனிதரைப் பார்த்துத்தான் கற்க முடியும். உடையை, அதற்குள் இருக்கும் உடம்போடு சேர்த்துத்தான் கற்க முடியும். முப்பது வருஷத்துக்கு மேல் டிராயிங் மாஸ்டராகச் சாக்பீஸ் பிடித்தவன் சொல்கிறேன், வேறு குறுக்குவழி கிடையாது.

அளவிலிருந்து ஆரம்பிக்கலாம். வளர்ந்தவர் உயரம் தலையின் உயரத்தைப் போல ஏழரை மடங்கு இருக்கும். பிறந்த குழந்தை ஏறக்குறைய நான்கு மடங்குதான். இது தெரியாமல் வரைவதால்தான் நம் பிள்ளைகள் படத்தில் குழந்தை, சுருங்கிப்போன அப்பா மாதிரி நிற்கிறது. கண் தலையின் நடுவில் இருக்கிறது. பத்துப் பேரில் ஒன்பது பேர் நெற்றியில் கொண்டுபோய் வைக்கிறார்கள். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை உள்ள நீளம்தான் கிட்டத்தட்ட உங்கள் பாதத்தின் நீளம். வைத்துப் பாருங்கள், சிரிப்பு வரும். இதையெல்லாம் தெரிந்துகொள்ளக் கண்ணாடியும் ஒரு முழக்கயிறும் போதும்.

அளவைவிட முக்கியம் எடை. நிற்கிற மனிதர் தன் எடையை எங்கே வைத்திருக்கிறார்? ஒரு காலில் சாய்ந்து நின்றால் அந்தப் பக்கத்து இடுப்பு மேலே ஏறும், அதே பக்கத்துத் தோள் கீழே இறங்கும். கழுத்துக் குழியிலிருந்து கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால் எடை தாங்குகிற காலின் கணுக்கால் பக்கம் வந்து நிற்கும். இடுப்பில் குடம் வைத்து நடக்கிற பெண்ணைப் பாருங்கள். குடம் இருக்கிற பக்கம் இடுப்பு வெளியே தள்ளும், உடம்பு மறுபக்கம் சாயும், காலியான கை தானாக விலகி நிற்கும். பிள்ளைகள் வரைகிற குடம் ஸ்டிக்கர் ஒட்டியது போல இருக்கும். உள்ளே தண்ணீரே இருக்காது!

இனி துணிக்கு வருகிறேன். என் கோபம் அதிகம் இங்கேதான்.

துணிக்கு என்று தனி உருவம் கிடையாது. அது எங்கே மாட்டியிருக்கிறது, எங்கே இழுபடுகிறது, எங்கே தளர்ந்து விழுகிறது என்பதுதான் அதன் உருவம். வகுப்பில் என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள்? உடையில் நான்கைந்து கோடு போட்டால் மடிப்பு வந்துவிடுமாம். எங்கிருந்து புறப்பட்டு எங்கே போகிற கோடு அது? வேட்டியை மடித்துக் கட்டியவரைப் பாருங்கள். மடிப்புகள் இடுப்பில் செருகிய இடத்திலிருந்து கிளம்பி, தொடையைச் சுற்றி, தொட்டில் மாதிரி வளைந்து தொங்கும். அவரே குந்தி உட்கார்ந்தால் துணி முட்டியில் இழுபட்டு அங்கே மடிப்பே இருக்காது, முட்டிக்குப் பின்னால் எல்லாம் நெருங்கிக்கொள்ளும். ஆக, மடிப்பு இல்லாத இடத்தைப் பார்த்தாலே உள்ளே எலும்பு எங்கே முட்டுகிறது என்று சொல்லிவிடலாம்.

சேலை இன்னும் பெரிய பாடம். கொசுவம் இடுப்பில் செருகிய இடத்தில் நெருக்கமாகவும் பாதத்தில் விசிறியாகவும் விழும். ஓர் அடி எடுத்து வைத்தால் முன்னால் போகிற முட்டி கொசுவத்தைத் தள்ளும், பின்காலிலிருந்து முன்காலுக்கு ஒரு கோடு சாய்வாக இழுபடும். முந்தானை இடுப்பிலிருந்து எதிர்த் தோளுக்கு ஏறும்போது உடம்பின் வளைவு முழுவதையும் சொல்லிவிடும். துணிக்குத் துணி பேச்சும் மாறும். கஞ்சி போட்ட பருத்தி கோணல் கோணலாக உடைந்து நிற்கும். காஞ்சிபுரம் பட்டு கனத்து, குழாய் குழாயாக விழும். பத்து வருஷம் துவைத்த பாட்டியின் கண்டாங்கி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். நைலக்ஸ் வழுக்கிக்கொண்டே போகும். இவ்வளவும் நம் வீட்டுக் கொடியில் தொங்கும்போது, நம் பிள்ளை பார்த்தே இராத ஒரு கவுனை வரைந்துகொண்டிருக்கிறது.

லியொனார்டோ டா வின்சி இளவயதில் களிமண்ணில் உருவம் செய்து, பிளாஸ்டர் கரைசலில் நனைத்த துணியை அதன்மேல் போட்டு, அந்த மடிப்புகளைப் பொறுமையாக வரைந்து பழகினார் என்று வசாரி எழுதியிருக்கிறார். அவ்வளவு பெரிய ஆளுக்கே துணியை எதிரில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. நம் கோபுலுவை எடுத்துக்கொள்ளுங்கள். 'தில்லானா மோகனாம்பாள்' தொடருக்கு விகடனில் அவர் வரைந்த ஆட்களில் வேட்டி வேறு, உடம்பு வேறு என்று பிரிக்க முடியாது. பக்கவாதத்தில் வலக்கை விழுந்த பிறகு இடக்கையால் வரையப் பழகிக்கொண்டவர் அவர். வித்தை கையில் இருந்திருந்தால் அது வலக்கையோடு போயிருக்க வேண்டும். கண்ணில் இருந்தது.

"சார், உடம்பு, இடுப்பு என்றெல்லாம் பிள்ளைகளிடம் பேசலாமா, அதுவும் பெண் பிள்ளைகளிடம்?" என்று ஓர் அம்மா கேட்டார். இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. தாயே, யாரும் ஆடையைக் களையச் சொல்லவில்லை. மேல்துண்டோடு திண்ணையில் உட்காரும் தாத்தா இருக்கிறார். நாற்று நடுகிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், தறியில் உட்கார்ந்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். மெரினாவில் 1959-இல் வைத்த உழைப்பாளர் சிலையைச் சின்னப் பிள்ளைகளோடு போய்ப் பார்க்கிறோமே, தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்த அந்த நான்கு பேர் உடம்பில் துணி எவ்வளவு இருக்கிறது? முதுகுத் தசை எப்படி இறுகுகிறது என்றுதானே பார்க்கிறோம்? உடம்பைப் பற்றிப் பேசக் கூசுகிற நீங்கள்தான், எந்தப் பெண்ணுக்கும் வாய்க்காத குச்சி இடுப்பைப் பத்து வயதுப் பெண் தினமும் வரைவதை ரசிக்கிறீர்கள். அந்தப் பிள்ளை கண்ணாடியில் தன்னைப் பார்க்கும்போது என்ன நினைக்கும் என்று யோசித்தீர்களா?

இன்னொருவர் கெட்டிக்காரத்தனமாகக் கேட்டார்: "நம் ஸ்தபதிகளும் வாய்ப்பாடு வைத்துத்தானே செய்கிறார்கள்? நவதாளம், தசதாளம் எல்லாம் என்ன?" நல்ல கேள்வி. தாளம் என்பது முகத்தின் நீளத்தை அலகாகக் கொண்ட அளவு. ஆனால் அது தெய்வ உருவத்துக்கான இலக்கணம். யாருக்கு எத்தனை தாளம் என்பதற்குக் காரணம் உண்டு, பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுக்கும் குருவும் உண்டு. அந்த அளவுக்குள் நின்றுகொண்டே சோழர் காலத்துச் செப்புத்திருமேனிகளில் இடுப்பு ஒசிந்து நிற்கிறது, கால் மாறி எடை தாங்குகிறது, மெல்லிய கோடுகளில் ஆடை உடம்போடு ஒட்டிக் கிடக்கிறது. உயிருள்ள உடம்பை உற்றுப் பார்க்காதவன் கைக்கு அது வராது. அதையும் ஆறு படியில் முடிகிற பொம்மையையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

கம்ப்யூட்டரே வரைந்து தள்ளுகிறதே, இனி எதற்கு இதெல்லாம் என்பவர்களுக்கு ஒரே பதில்தான். கால்குலேட்டர் வந்த பிறகும் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டுதானே இருக்கிறீர்கள்?

நான் பயப்படுவது வேறொன்றுக்கு. நான்கு வயதில் சுவரெல்லாம் கிறுக்கிய பிள்ளை, பதினொன்று பன்னிரண்டு வயதில் "எனக்கு டிராயிங் வராது சார்" என்று சொல்லிவிடும். வகுப்பு வகுப்பாகப் பார்த்திருக்கிறேன். அந்த வயதில் கண் வளர்ந்துவிடுகிறது, தன் படம் நிஜம் போல இல்லை என்று அதற்கே தெரிந்துவிடுகிறது. அப்போது பார்க்கக் கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும். பள்ளியில் அந்த நேரத்தில்தான் கணக்கு ஆசிரியர் வந்து டிராயிங் பீரியடைக் 'கடன்' கேட்பார். எத்தனை கடன் கொடுத்திருக்கிறேன், ஒன்றுகூடத் திரும்பவில்லை. வீட்டிலும் பொம்மை வகுப்புத்தான் என்றால் அந்தப் பிள்ளை பென்சிலைக் கீழே வைத்துவிடும், அப்புறம் எடுக்காது. வளர்ந்த பிறகு என்னிடம் வந்து, "அப்போ நல்லா வரைவேன் சார், விட்டுட்டேன்" என்று சொன்னவர்கள் இந்தப் பதிவைப் படிக்கிறவர்களிலேயே இருக்கிறீர்கள்.

வகுப்புக்குக் கட்டும் பணத்தை மிச்சம் பிடியுங்கள். கோடு போடாத நோட்டு ஒன்று, 2பி பென்சில் இரண்டு. தாத்தா பேப்பர் படிக்கும்போது ஐந்து நிமிஷம், அம்மா காய் நறுக்கும்போது ஐந்து நிமிஷம், பாட்டி ஒருக்களித்துத் தூங்கும்போது வேண்டிய மட்டும். முகம் வேண்டாம், முதலில் தோளும் இடுப்பும் எந்தப் பக்கம் சாய்கிறது என்று இரண்டு கோடு போடட்டும். பிறகு துணி எங்கிருந்து தொங்குகிறது என்று தேடட்டும். வரைகிற நேரத்தில் நீங்கள் அசையாமல் இருங்கள், போன் வந்தாலும் எடுக்காதீர்கள். வரைந்ததைப் பார்த்து "நானா இது?" என்று சிரித்துவிடாதீர்கள். ரப்பரை மட்டும் வாங்கி உங்கள் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.