எலியின் மீது ஏன் பழி?

இரவு ஒன்பது மணி இருபது நிமிடம். பக்கம் மூடுவதற்குப் பத்து நிமிடங்களே இருந்தன. கற்பிட்டிக் கரையிலிருந்து தொழிலுக்குப் போன படகொன்று திரும்பவில்லை என்றும், அதிலிருந்த இருவரும் இறந்திருக்கலாமென அஞ்சப்படுகிறது என்றும் மாலையிலே நான் ஒரு செய்தி அனுப்பியிருந்தேன். ஒன்பதேகாலுக்குத் தொலைபேசி மணி அடித்தது. ஒருவர் உயிருடன் இருக்கிறார். வேறொரு படகுக்காரர் தூக்கியெடுத்து வந்து கரை சேர்த்துவிட்டனர். நான் உடனே கணினியின் முன் அமர்ந்து செய்தியைத் திருத்தத் தொடங்கினேன். இரண்டாவது வரியில் சுட்டி நின்றது. மேசையில் எலியை இழுத்தேன். திரையில் அம்பு அசையவில்லை. தட்டினேன்; சற்றே துள்ளிவிட்டு மீண்டும் நின்றது.

மடிக்கணினியில்தான் தொடுபலகை இருக்கிறதே என்று அன்பர்கள் கேட்கலாம். இருந்தது. ஆனால் உள்ளங்கை பட்டு எழுத்துகள் இடம்மாறிப் போகின்றன என்று நான் முறையிட்டதால், எலி இணைந்திருக்கும்போது தொடுபலகை தானாகவே அணைந்துவிடும்படி கடைக்காரத் தம்பி அமைத்துக் கொடுத்திருந்தார். எலியின் ரிசீவர் துண்டு துளையில் செருகியபடியே இருந்ததால், எலி வேலை செய்வதாகவே கணினி நம்பிக்கொண்டிருந்தது. கணினியின் கணக்கில் எலி உயிருடன் இருக்கிறது. என் கணக்கில் செத்துவிட்டது. அந்தப் படகுக்காரரின் கதியும் அப்போது அப்படித்தான் இருந்தது.

கடைசியில் கைபேசியை எடுத்து, ஆசிரிய பீடத்தில் இருந்த உதவி ஆசிரியருக்கு வரிவரியாகச் சொல்லி எழுதுவித்தேன். முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் தபாற்கந்தோர் தொலைபேசியில் கத்திக் கத்திச் செய்தி கொடுத்த அதே முறை. பிழை அச்சேறவில்லை. உயிரோடு இருக்கும் மகனை இறந்தவனாகப் பத்திரிகையில் பார்க்கும் கொடுமை ஒரு தாய்க்கு நேரவில்லை. நேர்ந்திருந்தால் யாரைக் கேட்டிருப்பார்கள்? என்னை. கேட்க வேண்டியதும் என்னைத்தான். எனினும், அந்த எலியை விற்றவர்களிடமும் கணினியைச் செய்தவர்களிடமும் ஒரு கேள்வி கேட்க எனக்கும் உரிமை இருக்கிறது.

இனி எலியின் கதை. மடிக்கணினி புதியது, வாங்கி ஆறு வாரம். எலியும் புதியது. மறுநாள் காலையில் பேருந்தேறிப் புத்தளம் நகருக்குப் போய்க் கணினி விற்ற கடையில் முறையிட்டேன். "எலி சரியில்லை சேர், மட்டமான சாமான்" என்றார்கள். எலி விற்ற கடைக்குப் போனேன். "எலி நல்லது, லெப்டொப்பில்தான் ஏதோ கோளாறு" என்றார்கள். இரண்டாவது எலி வாங்கினேன். இரண்டு நாளில் அதுவும் அவ்வாறே. மூன்றாவது ஆலோசகர், விண்டோஸ் முழுவதையும் அழித்துப் புதிதாக ஏற்றித் தருவதாகவும் அதற்குக் கூலி மூவாயிரம் ரூபா என்றும் சொன்னார். நான்காமவர் என் வயதைப் பார்த்துவிட்டு, எலியை எப்படிப் பிடிப்பது என்று எனக்குச் சொல்லித்தரத் தொடங்கினார். பேஜ்மேக்கரும் பாமினி எழுத்துருவும் எங்கள் அலுவலகத்துக்கு வந்த நாள் முதல் எலியைப் பிடித்திருக்கும் கை இது!

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் தற்செயலாகத்தான் உண்மை பிடிபட்டது. பழைய செய்தி நறுக்குகளைப் படமெடுத்துச் சேமித்து வைத்திருக்கும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று என்னிடம் உண்டு. அது எப்போதும் கணினியோடு கொளுவியபடியே இருக்கும். அன்று மேசையைத் துடைப்பதற்காக அதைக் கழற்றினேன். எலி ஓடத் தொடங்கியது. மீண்டும் கொளுவிக் கோப்புகளைப் பிரதி செய்தேன், எலி திணறியது. கழற்றினேன், ஓடியது. ஏழெட்டு முறை செய்து பார்த்துவிட்டேன். கலைப் பட்டதாரியான எனக்கு இதைவிடச் சிறந்த விஞ்ஞானப் பரிசோதனை வாழ்நாளில் வாய்த்ததில்லை.

பின்னர் தேடிப் படித்தபோதுதான் கோபம் தலைக்கேறியது. இது எவரும் அறியாத புதிர் அல்ல; 2012ஆம் ஆண்டிலேயே இன்டெல் நிறுவனம் ஓர் அறிக்கையாக வெளியிட்டுவிட்ட சங்கதி. 2008ஆம் ஆண்டு நவம்பரில் அறிமுகமான யு.எஸ்.பி. 3.0 என்னும் இணைப்பு முறை, செக்கனுக்கு 5 கிகாபிட் வேகத்தில் தரவைக் கடத்துகிறது. அந்த வேகத்தில் மின்துடிப்புகள் ஓடும்போது துளையிலிருந்தும் வடத்திலிருந்தும் கொளுவிய கருவியிலிருந்தும் வானொலி இரைச்சல் கசிகிறது. அது பரந்த மீடிறன் வீச்சில் பரவுகிறது, 2.4 முதல் 2.5 கிகாஹேர்ட்ஸ் வரையான பகுதியும் அதற்குள் அடக்கம். நம்முடைய எலியும் ரிசீவரும் பேசிக்கொள்வது சரியாக அந்த 2.4 கிகாஹேர்ட்ஸிலேதான். உரிமம் பெறாமல் எவரும் பயன்படுத்தலாம் என்று உலகெங்கும் திறந்துவிடப்பட்ட பொதுவெளி அது. புளூடூத், வைஃபை, நுண்ணலை அடுப்பு எல்லாம் அங்கேதான் குடியிருக்கின்றன. எலியின் பற்றறி நீடித்து உழைக்க வேண்டுமென்பதால் அது மிக மெல்லிய குரலிலேயே பேசும். உடப்புத் திரௌபதி அம்மன் ஆலயத் தீமிதிப்பு நாளில் ஒலிபெருக்கிக் கம்பத்தின் கீழே நின்று இரகசியம் பேசிப் பாருங்கள். எலியின் நிலைமை விளங்கும்.

யு.எஸ்.பி. 3.0 முறையை வகுத்த நிறுவனங்களுள் இன்டெலும் ஒன்று. அதாவது, பெற்றவளே பிள்ளையின் குறையை எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறாள். துளைகளையும் கருவிகளையும் உலோகக் கவசத்தால் நன்றாக மூட வேண்டும், கம்பியில்லாக் கருவிகளின் அன்டெனாவை அத்துளைகளிலிருந்து தள்ளி வைக்க வேண்டும் என்று பரிகாரமும் சொல்லியிருக்கிறாள். அதன் பின் என்ன நடந்தது? கணினிகள் மெலிந்தன. துளைகள் குறைந்தன. பழைய யு.எஸ்.பி. 2.0 துளை பல மடிக்கணினிகளிலிருந்து அடியோடு போயிற்று. எஞ்சிய இரண்டு துளைகளும் பல கணினிகளில் ஒரே பக்கத்தில், விரலிடை தூரத்தில் அமைந்தன. தள்ளி வை என்று சொன்ன அறிக்கை ஒரு பக்கம். தள்ளி வைக்க இடமே தராத கணினி மறுபக்கம்.

இதற்கு ஒரு சமாதானம் சொல்வார்கள். "பௌதிகவியலை யார் மாற்ற முடியும்? ஒரு நீட்டிப்பு வடம் வாங்கினால் தீர்கிற விடயத்துக்கு இவ்வளவு கூச்சலா?" பௌதிகவியலை மாற்றும்படி நான் கேட்கவில்லை. பெட்டியின் மேல் ஒரு வரி எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன்: 'இந்த ரிசீவரை வேகமான யு.எஸ்.பி. கருவிகளுக்கு அருகில் செருகாதீர்கள்.' எத்தனை எழுத்து? விலையுயர்ந்த சில எலிகளோடு குட்டி நீட்டிப்பு வடமொன்றையும் வைத்து அனுப்புகிறார்கள். ஆக, தெரிந்தவர்களுக்குத் தெரிந்தே இருக்கிறது. இரண்டாயிரம் ரூபாவுக்கு எலி வாங்குகிறவனுக்குத்தான் வடமும் இல்லை, வார்த்தையும் இல்லை. நான் வாங்கிய இரு பெட்டிகளிலும் மடித்து வைத்திருந்த தாளில் பத்துக்கு மேற்பட்ட மொழிகள் இருந்தன. தமிழ் இல்லை, சிங்களமும் இல்லை. அந்தப் பத்து மொழிகளிலும் இந்த ஒரு வரி இல்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

நமது நாட்டிலே எச்சரிக்கை அச்சிடுவது இயலாத காரியமா? சிகரட் பெட்டியின் 80 சதவீத இடத்தைப் படத்துடனான எச்சரிக்கை அடைத்திருக்கிறது. சட்டம் கேட்டது, கம்பனிகள் அச்சிட்டன. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையை உருவாக்கி, சுட்டுத்துண்டும் பொதியும் எப்படி அமைய வேண்டுமெனப் பணிப்புரை விடுக்கும் அதிகாரத்தையும் அதற்கு வழங்கியிருக்கிறது. அரிசிக்கும் பருப்புக்கும் விலை பார்க்கிற சபை, இலத்திரனியல் பெட்டிகளையும் ஒருமுறை திறந்து பார்த்தால் என்ன?

இது வசதியுள்ளவர்களின் மனக்குறை என்று சிலர் நினைக்கக்கூடும். 2022இல் டொலர் எகிறியதன் பின்னர் இந்தக் கரையோரத்தில் ஒரு மடிக்கணினி எப்படி வாங்கப்படுகிறது என்பதை அவர்கள் பார்த்ததில்லை போலும். நகை அடகுக்குப் போகிறது. அல்லது குவைத்திலிருந்து அக்கா அனுப்புகிறாள். அப்படி வந்த கணினியில், எங்கள் ஒழுங்கையிலேயே ஒரு பிள்ளை வீட்டிலிருந்தபடி கணக்குப் பதியும் வேலை செய்கிறது. முடித்த பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. எலி நிற்கிற நிமிடங்களுக்குக் கூலி இல்லை. கடையில் போய்க் கேட்டதற்கு, "பாவிக்கத் தெரியவில்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள் என்று அழுதது. அந்தச் சொல்தான் எனக்குச் சுடுகிறது. பொருளின் குறையைத் தயாரித்தவன் அறிவான். இடையில் விற்றவனுக்குச் சொல்லப்படவில்லை. வாங்கியவனோ மூடன் என்று பட்டம் பெறுகிறான்.

(எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரியும். 2022 மார்ச்சில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் வெட்டப்பட்ட காலத்திலும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருட்டில் இருந்தோம். அந்நாட்களில் எலியும் ஓடவில்லை, கணினியும் ஓடவில்லை. ஆகவே யார் குற்றவாளி என்ற விவாதத்துக்கும் இடமிருக்கவில்லை.)

திட்டியது போதும். இதே தொல்லையில் உழலும் அன்பர்கள் டொரொன்டோவிலும் இலண்டனிலும் சென்னையிலும் இருப்பார்கள். அவர்களுக்குப் பயன்படுமாறு நான் கற்றதைச் சொல்கிறேன். எலி எப்போது நிற்கிறது என்பதை முதலில் கவனியுங்கள். கையால் இழுத்துக்கொண்டிருக்கும்போதே திணறினால், அதிலும் ஹார்ட் டிஸ்க்கோ பென் டிரைவோ வேலை செய்யும் நேரத்தில் திணறினால், அது மேற்சொன்ன இரைச்சல்தான். ரிசீவரைக் கணினியின் மறுபக்கத் துளைக்கு மாற்றுங்கள். மறுபக்கம் துளை இல்லாவிட்டால் அரை மீற்றர் நீளமான சாதாரண யு.எஸ்.பி. நீட்டிப்பு வடம் ஒன்றை வாங்கி, ரிசீவரை எலிக்கு அண்மையில் கொண்டுவந்து வையுங்கள். என் பிணி அதிலேயே தீர்ந்தது. வீட்டு வைஃபையை 5 கிகாஹேர்ட்ஸுக்கு மாற்ற முடிந்தால் நெரிசல் இன்னும் குறையும்.

சில நிமிடம் சும்மா இருந்துவிட்டுத் தொடும்போது எலி விழிக்க மறுத்தால், குற்றவாளி வேறு. மின்சாரத்தைச் சேமிப்பதாக எண்ணி விண்டோஸ் அந்தத் துளையை உறங்க வைத்துவிடுகிறது. டிவைஸ் மனேஜரைத் திறந்து, யு.எஸ்.பி. ரூட் ஹப் என்று இருப்பதன் பவர் மனேஜ்மன்ட் பகுதிக்குப் போனால், மின்சேமிப்புக்காக இக்கருவியை அணைக்கலாம் என்ற பொருளில் ஒரு சிறு கட்டம் சரியடையாளத்துடன் இருக்கும். அடையாளத்தை எடுத்துவிடுங்கள். புளூடூத் எலியானால் புளூடூத் கருவிக்கும் இதையே செய்து பாருங்கள். புதுக் கணினிகளில் இந்தத் தொல்லை கூடுதல். பற்றறி நீடிக்கிறது என்று விளம்பரம் செய்ய வேண்டுமல்லவா?

மூன்றாவது காரணம் எங்களைப் போன்ற கரையோரத்தாருக்கே உரியது. உப்புக் காற்று. புத்தளத்தில் உப்பளத்தை மட்டுமன்றி எலியின் வயிற்றையும் அது விட்டுவைப்பதில்லை. பற்றறி தொடும் உலோகச் சுருளில் பச்சை படிந்து, எலியைச் சற்றே தட்டினால் உயிர் வருவதும் போவதுமாக இருக்கும். உலர்ந்த துணியால், தேவையானால் சிறிது ஸ்பிரிட் தொட்டு, துடைத்துவிடலாம். மலிவான பற்றறி போடுவதும் தவறு. வலு இறங்க இறங்க எலியின் குரல் தேய்ந்துபோகும்.

இத்தனைக்கும் வாலுள்ள எலி வாங்கினால் தொல்லையே இல்லை என்பதையும் மறைக்கவில்லை. 1964இல் டக்ளஸ் ஏங்கல்பார்ட் குழுவினர் மரத்தால் செய்த முதல் எலிக்கு வால் இருந்தது. என் மேசையிலும் இப்போது வாலுள்ள எலியொன்று மாற்று ஏற்பாடாகக் காத்திருக்கிறது. புத்தளத்தில் மூன்று கடை ஏறி இறங்கித்தான் அதைக் கண்டுபிடித்தேன். "அதெல்லாம் இப்ப யார் சேர் கேட்கிறாங்க?" என்றார் ஒருவர்.

நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எலி விற்ற கடைத் தம்பியை, இரண்டாவது எலியும் நின்ற அன்று, ஏமாற்றுக்காரன் என்று நாலு பேர் முன்னிலையில் சொல்லிவிட்டேன். கடந்த வியாழக்கிழமை போய் மன்னிப்புக் கேட்டேன். கடை முதலாளி நானா தேநீர் வருவித்தார். தம்பியின் மேசையில், என்னைப் போல் திருப்பிக் கொண்டுவந்தவர்களின் எலிகள் ஒரு அட்டைப் பெட்டி நிறையக் கிடந்தன. ஒன்றை எடுத்து, வடத்தின் வழியாகச் செருகி ஓட்டிக் காட்டினேன். ஓடியது. இன்னொன்றை எடுத்தார், அதுவும் ஓடியது. ஆறாவது எலி மட்டும் அசையவில்லை. அது மெய்யாகவே செத்த எலி.

தம்பி சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஒரு வெள்ளைத் தாளையும் தடித்த பேனாவையும் எடுத்து என்னிடம் நீட்டினார். "நீங்க சொன்னதத் தமிழ்ல எழுதித் தாங்க சேர். சிங்களத்தில நான் எழுதுறன். ரெண்டையும் கண்ணாடியில ஒட்டுவம்" என்றார். எழுதிக் கொடுத்தேன்.