தொரப்பள்ளியில் பிறந்தவர் சட்டமன்றம் போனார்! தொரப்பள்ளியின் குரல் எங்கே போனது?

   

ராஜாஜி பிறந்த வீடு தொரப்பள்ளியில் இன்றும் நினைவு இல்லமாக நிற்கிறது. பிறந்த நாள் வந்தால் அதிகாரிகள் கார் போட்டு வருவார்கள், மாலை போடுவார்கள், போட்டோ எடுப்பார்கள், போய்விடுவார்கள். பக்கத்து வயலில் தக்காளி பறிக்கிறவனிடம் "என்னப்பா, உன் நிலம் உன்கிட்ட இருக்குமா?" என்று ஒருத்தர் கேட்டதுண்டா? கிடையாது.

சரி, அவர்கள் கேட்க வேண்டாம். நாம் கேட்போம். அந்த மனுஷன் எங்கே ஆரம்பித்தார், எப்படிக் கோட்டைக்குப் போனார், போய் விவசாயிக்கு என்ன செய்தார், என்ன கெடுத்தார்? இன்றைக்குக் கோட்டைக்குப் போகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? இரண்டையும் தராசில் வைத்துப் பார்ப்போம்.

நகராட்சியில் ஆரம்பித்தவர்

1878 டிசம்பர் 10ஆம் தேதி தொரப்பள்ளியில் பிறந்தார். அப்பா இதே ஊர் முன்சீப். அதாவது வரி வசூல், கணக்கு, ஊர் வழக்கு எல்லாம் வந்து சேருகிற வீடு. ஓசூரில் படித்தார், பெங்களூரில் படித்தார், சென்னையில் சட்டம் முடித்தார், 1900 வாக்கில் சேலத்தில் வக்கீல் தொழில் தொடங்கினார்.

நேராகக் கோட்டைக்குப் போய்விடவில்லை. 1911ல் சேலம் நகராட்சி உறுப்பினர் ஆனார். 1917 முதல் 1919 வரை நகராட்சித் தலைவர். குடிநீர், சாக்கடை, தெரு விளக்கு, இதுதான் அவருக்கு முதல் அரசியல் பள்ளிக்கூடம். சேலம் நகராட்சிக்குத் தாழ்த்தப்பட்ட சமுதாயத்திலிருந்து முதல் உறுப்பினர் வருவதற்குத் துணை நின்றதும் அந்தக் காலத்தில்தான்.

இவர் மட்டுமா? ஈரோடு நகராட்சித் தலைவராக இருந்தவர் பெரியார். அலகாபாத் நகராட்சித் தலைவராக இருந்தவர் நேரு. அகமதாபாத் நகராட்சித் தலைவராக இருந்தவர் படேல். கல்கத்தா மேயராக இருந்தவர் சுபாஷ் சந்திர போஸ். ஆளுக்கொரு கொள்கை, ஆளுக்கொரு பாதை. ஆனால் அத்தனை பேரும் நாட்டுச் சண்டையோடு குழாயடிச் சண்டையையும் பார்த்தவர்கள்.

கடனைத் தீர்த்த சட்டம்

1937 தேர்தலில் காங்கிரஸ் ஜெயித்தது. ஜூலையில் ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமர் ஆனார். அன்றைக்கு விவசாயி நிலைமை என்ன? 1929க்குப் பிறகு உலகம் முழுக்க விலை சரிந்தது. நெல்லும் ராகியும் விலை போகவில்லை. வாங்கின கடன் மட்டும் குட்டி போட்டுக்கொண்டே இருந்தது. பத்திரத்தை வைத்திருந்தவன் நிலத்தை எழுதி வாங்கிக்கொண்டான்.

1938 மார்ச்சில் சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் அமலுக்கு வந்தது. அதில் இருந்ததைக் கவனமாகக் கேளுங்கள்:

* 1932 அக்டோபர் 1க்கு முன் வாங்கிய கடனா? 1937 அக்டோபர் 1 வரை நிலுவையில் நின்ற வட்டி முழுக்கத் தள்ளுபடி. பாக்கி அசலைக் கட்டினால் போதும்.
* வட்டியும் அசலுமாகச் சேர்த்து வாங்கினதைப் போல இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியாகிவிட்டதா? கடனே தீர்ந்தது. நூறு ரூபாய் வாங்கினவன் இருநூறு கட்டியிருந்தால், பத்திரத்தைக் கிழித்துப் போடு!
* அதற்குப் பின் வாங்கிய கடனா? சட்டம் வந்த நாள் வரைக்கும் நூற்றுக்கு ஐந்து, தனி வட்டி. வட்டிக்கு வட்டி கிடையாது.

இதுதான் சட்டம்! லேவாதேவிக்காரர்கள் கூச்சல் போட்டார்கள், கோர்ட்டுக்குப் போனார்கள். சட்டம் நின்றது. முன்சீப் வீட்டில் வளர்ந்தவனுக்கு, கடன் பத்திரம் எப்படி ஒரு குடும்பத்தை விழுங்கும் என்று யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

புகழ் பாட வரவில்லை

ராஜாஜிக்குத் துதி பாடுவது நம் வேலையில்லை. குறையையும் சொல்லத்தான் வேண்டும். ஜமீன் கிராமத்து உழவர் நிலையை ஆராய அதே ஆட்சியில் பிரகாசம் தலைமையில் குழு போட்டார்கள். அறிக்கை வந்தது, சட்டம் வரவில்லை. 1939ல் யுத்தத்தைக் காரணம் காட்டி அமைச்சரவை வெளியேறியது. ஜமீன் ஒழிப்புக்கு உழவன் 1948 வரை காத்துக் கிடந்தான்.

1952ல் மறுபடி முதலமைச்சர். இந்த முறை மக்களிடம் ஓட்டுக் கேட்டு வரவில்லை. மேலவைக்கு நியமனம் செய்யப்பட்டு வந்தார். வந்ததும் உணவு தானியக் கட்டுப்பாட்டை எடுத்தார். விளைந்ததை விற்க விவசாயிக்கு வழி பிறந்தது. தஞ்சாவூரில் குத்தகைதாரரையும் பண்ணையாளையும் பாதுகாக்க அவசரச் சட்டம் போட்டார். இதெல்லாம் வரவுப் பக்கம்.

செலவுப் பக்கம்? 1953ல் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம்! கிராமத்துப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் மூன்று மணி நேரம், மிச்ச நேரம் அப்பன் தொழில். பட்டணத்துப் பிள்ளைக்கு அந்தத் திட்டம் கிடையாது. நம்ம பிள்ளை மட்டும் பாதிப் படிப்பு படிக்கணுமா? மக்கள் "குலக்கல்வி" என்று பெயர் வைத்து எதிர்த்தார்கள். 1954 ஏப்ரலில் அவர் பதவி விலகினார், காமராஜர் வந்தார், திட்டம் குப்பைக்குப் போனது.

கவனியுங்கள்: ஓட்டுக் கேட்டு வந்தபோது கடன் சட்டம் வந்தது. ஓட்டுக் கேட்காமல் வந்தபோது, கிராமத்தைக் கேட்காமலே கிராமத்துப் பிள்ளைகளின் தலையெழுத்தை எழுதும் துணிச்சல் வந்தது. எவ்வளவு பெரிய அறிவாளியாக இருந்தாலும் இதுதான் நடக்கும்!

இன்றைக்கு நம்ம கதை

1971ல் சிப்காட் தொடங்கிய காலத்திலிருந்து ஓசூர் மண் தொழிற்சாலைக்கு நிலம் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. நாம் தொழிற்சாலைக்கு எதிரி இல்லை. நம்ம பிள்ளைகள்தான் அங்கே ஷிப்டுக்குப் போகிறார்கள். ஆனால் ஒரு கேள்வி: நிலம் கொடுக்கிறவனைக் கேட்க வேண்டாமா?

2013ல் மத்திய அரசு போட்ட நிலமெடுப்புச் சட்டம் கேட்கச் சொன்னது. தனியார் கம்பெனிக்கு என்றால் நூற்றுக்கு 80 பேர் சம்மதம் வேண்டும். அரசு-தனியார் கூட்டுத் திட்டம் என்றால் 70 பேர். சமூகத் தாக்க ஆய்வு வேண்டும். பல போகம் விளைகிற பாசன நிலத்தைக் கடைசி வழியாகத்தான் தொட வேண்டும்.

தமிழ்நாட்டுச் சட்டமன்றம் என்ன செய்தது? 105-ஏ என்று ஒரு பிரிவைச் சொருகி, 1997ஆம் வருஷத்துத் தொழில் நோக்க நிலமெடுப்புச் சட்டத்துக்கு விலக்கு வாங்கிக்கொண்டது. சிப்காட்டுக்கு நிலம் எடுப்பது அந்தச் சட்டத்தில்தான். சம்மதமும் இல்லை, ஆய்வும் இல்லை! 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. அதே மாதம் சட்டமன்றம் புதுச் சட்டம் போட்டு அதற்கு உயிர் கொடுத்தது. 2021ல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது.

அந்த ஆட்சி போய் அடுத்த ஆட்சி வந்தது. விடிந்ததா? 2023 ஏப்ரல் 21, கூட்டத்தொடரின் கடைசி நாள். சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம் விவாதமே இல்லாமல் நிறைவேறியது. 100 ஹெக்டேருக்குக் குறையாத திட்டம் என்றால், அதற்குள் இருக்கிற ஏரி, ஓடை, வாய்க்காலையும் சேர்த்து ஒப்படைக்க வழி செய்கிற சட்டம் அது. அந்த வருஷம்தான் உத்தனப்பள்ளி, நாகமங்கலம், அயர்னப்பள்ளி விவசாயிகள் சிப்காட் வேண்டாம் என்று நாள்கணக்கில் உட்கார்ந்து போராடிக்கொண்டிருந்தார்கள். 2024 ஜூனில் ஓசூரில் 2,000 ஏக்கரில் விமான நிலையம் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார்கள், மேசையைத் தட்டினார்கள். எந்த ஊர் கிராம சபையைக் கேட்டுவிட்டு அறிவித்தார்கள்?

பெங்களூர்ச் சாக்கடை தென்பெண்ணையில் கலந்து கெலவரப்பள்ளி அணையில் நுரையாகப் பொங்கும்போது மட்டும் மேசை தட்டும் சத்தம் கேட்பதில்லை!

பஞ்சாயத்தையும் பூட்டிவிட்டார்கள்

நமக்குக் கையெட்டுகிற ஒரே அரசு பஞ்சாயத்து. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் வந்தது 2019 டிசம்பரில். மூன்று வருஷம் தனி அலுவலர் ராஜ்யம். தேர்ந்தெடுத்த ஆள் இல்லை என்று மத்திய நிதிக்குழு மானியமும் தேங்கியது. அப்புறம் 2025 ஜனவரி 5ஆம் தேதி நம்ம மாவட்டத்துப் பஞ்சாயத்துகளின் காலம் முடிந்தபோது மறுபடி தனி அலுவலர்! முதல் பூட்டு ஒரு கட்சி போட்டது, இரண்டாவது பூட்டு இன்னொரு கட்சி போட்டது. இரண்டாவது பூட்டுப் போட்ட ஆட்சியின் முதல்வர், 1996ல் சென்னை மேயராக மக்கள் ஓட்டில் ஜெயித்து வந்தவர்! ஏறி வந்த ஏணியை எடுத்து ஒளித்து வைத்தால் பின்னால் வருகிறவன் எதில் ஏறுவான்?

பஞ்சாயத்துத் தலைவர் இல்லாத ஊரில் நிலமெடுப்பு நோட்டீஸ் வந்தால் யாரிடம் போய் நிற்பது? தனி அலுவலர் மேலிடத்துக்குப் பதில் சொல்கிறவர். நம்ம ஓட்டு அவருக்குத் தேவையில்லை. தேவையில்லாதவன் நம்ம பேச்சைக் கேட்பானா?

நாம் கேட்பது

1. உள்ளாட்சித் தேர்தலை ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை, ஒருநாள்கூடத் தள்ளாமல் நடத்து!
2. எந்தச் சட்டத்தில் நிலம் எடுத்தாலும் கிராம சபை சம்மதம் இல்லாமல் எடுக்காதே!
3. 2023 நில ஒருங்கிணைப்புச் சட்டத்தை ரத்து செய்!
4. பாசன நிலத்தை விடு. ஏற்கெனவே எடுத்துச் சும்மா கிடக்கிற தொழிற்பேட்டை நிலத்தின் கணக்கை முதலில் ஊர் முன்னால் வை!

உழவர்களே! ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. கிராம சபை நாளில் வீட்டுக்கு ஒருத்தர் கட்டாயம் வாங்க. "எங்க ஊர் நிலத்தை எங்க சம்மதம் இல்லாமல் எடுக்கக் கூடாது" என்று தீர்மானம் எழுதச் சொல்லுங்க. எழுதினதைப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகு கையெழுத்துப் போடுங்க. வெற்றுத் தாளில் போடாதீங்க! நகல் வாங்காமல் எழுந்திருக்காதீங்க! நாளைக்குக் கோர்ட்டில் நமக்குப் பேசுவது அந்தத் தாள்தான்.

ஓட்டுக் கேட்டு எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் துண்டு போடுவதற்கு முன் ஒரே கேள்வி கேளுங்க: "நூறு வாங்கினவன் இருநூறு கட்டினால் கடன் தீர்ந்தது என்று 1938ல் ஒரு சட்டம் போட்டாங்க. என் நிலம் என் சம்மதம் இல்லாமல் போகாது என்று நீங்க சட்டம் போடுவீங்களா, மாட்டீங்களா?" பதில் சொன்னால் எழுதி வாங்குங்க. சொல்லவில்லை என்றால் வந்த வழியே அனுப்புங்க.

உழவர் ஒற்றுமை ஓங்குக! நிலம் நமதே!

இவண்,
விவசாயிகள் சங்கம்